மாடு விற்ற கதை போதும்

பி.ஆர். ஸ்ரீஜேஷைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் மாடு வந்துவிடும். எர்ணாகுளம் மாவட்டம், கிழக்கம்பலம், விவசாயக் குடும்பம். பையன் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போய் ஹாக்கி கோல்கீப்பர் ஆகிறான். கீப்பர் கிட் வாங்கக் காசு இல்லை. அப்பா பசுவை விற்று வாங்கித் தருகிறார். பையன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கி வருகிறான். கைதட்டல்.

எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. ஸ்ரீஜேஷ் மேல் இல்லை. அவருடைய அப்பா மேல் சத்தியமாக இல்லை. தட்டுகிற நம் கைகள் மேல்தான்.

2021 ஆகஸ்ட் 5, ஜெர்மனியை 5-4 என்று வென்ற ஆட்டம். கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்துவிட்டு ஸ்ரீஜேஷ் கோல்போஸ்ட் மேல் ஏறி உட்கார்ந்த படம் ஞாபகம் இருக்கும். அந்தக் கோல்போஸ்ட்டை யாருடைய அப்பாவும் மாடு விற்று வாங்கவில்லை. வலையையும் வாங்கவில்லை, சுண்ணாம்புக் கோட்டுக்கும் யாரும் தாலியை அடகு வைக்கவில்லை. அவையெல்லாம் மைதானத்தோடு வருகிறவை. போஸ்ட்டுக்கு முன்னால் நிற்கிற பையனின் மண்டையை மூடுகிற ஹெல்மெட் மட்டும் அவன் குடும்பத்தின் பாடு. இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தது, எப்போது செய்தது, நாம் ஏன் இதைத் தியாகக் கதையாகச் சொல்லிச் சொல்லி ஒப்புக்கொண்டோம்?

கீப்பர் கிட் ஆட்டக்காரரின் சொந்தச் சாமான் இல்லை. கோல்போஸ்ட் எப்படியோ அப்படி, அது மைதானத்தின் சாமான். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இதை எனக்குத் தெளிவாக்கியது என் வீட்டு அட்டாலி.

*

சரவணம்பட்டியில் உட்கார்ந்து கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். பள்ளியிலும் இன்ஜினியரிங் கல்லூரியிலும் கீப்பர். வேலைக்குப் போனதும் ஆட்டம் நின்றது. பன்னிரண்டு வருஷம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற ஒரு பழைய ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் மறுபடி சேர்ந்தேன். முதல் கேள்வியே அட்டாலியில் கிடக்கிற கிட் ஆகுமா என்பதுதான்.

கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்குப் புதுசு?" பெரியவர்கள் இன்னும் ஒரு படி மேலே: "காசு என்ன மரத்துலயா காய்க்குது தம்பி?"

கொங்குச் சிக்கனத்தை நான் கேலி செய்ய மாட்டேன். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டி, பேரிங் மாற்றி, இன்னும் பத்து வருஷம் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைக்கிற ஊர் இது. எங்கள் வீட்டுக் கிரைண்டருக்கு என் வயது. பழுது பார்த்துப் பயன்படுத்துவது இங்கே ஓர் அறிவு. ஆனால் அந்த அறிவு செம்புக் கம்பிக்கும் வார்ப்பிரும்புக்கும் பழகியது. ஃபோமுக்குப் பழகியதில்லை.

ஒரு காலத்தில் ஹாக்கி கீப்பர் கட்டியதும் கிரிக்கெட் பேடு மாதிரிதான்: பிரம்பு, பஞ்சு, மேலே துணி. கிழிந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். தைத்த பேடு தைக்காத பேடு அளவுக்கே காக்கும். 1980களில் ஃபோம் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. இன்றைய லெக் கார்டு, கால்மேல் கட்டும் கிக்கர், கை கார்டு எல்லாமே அடர்த்தியான ஃபோம் பாளங்கள். உள்ளே எண்ண முடியாத குட்டிக் குமிழ்கள், ஒவ்வொன்றிலும் அடைபட்ட காற்று. பந்து அடிக்கும்போது குமிழ்கள் நசுங்கி, அடியை அகலமாகப் பரப்பி, கொஞ்சம் தாமதப்படுத்தி, மறுபடி நிமிர்ந்துகொள்கின்றன. காப்பது ஃபோமின் கனமா என்றால் இல்லை, இந்த நசுங்கி நிமிர்வதுதான் காக்கிறது.

வருஷக்கணக்கில் சூடும் அடியும் பட்டால் குமிழின் சுவர்கள் தளரும். காற்று போகும். ஃபோம் இறுகிக் கட்டை மாதிரி ஆகும், அல்லது நசுங்கிய இடத்தில் நசுங்கியே கிடக்கும். ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் ஓடும் அப்படித்தான்: வெயிலும் சூடும் அதை நொறுங்கும் பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிடும். உள்ளே ஒட்டிய பஞ்சு பொடியாக உதிரும். கூண்டுக் கம்பியை ஓட்டோடு பிடிக்கிற திருகாணி துருவேறும். ஏப்ரல் மாதக் கோயம்புத்தூரில், கான்கிரீட் தளத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கிற அட்டாலி இதற்கெல்லாம் உகந்த அடுப்பு. வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்ல வைக்கிற அளவுக்கு நல்லாத்தான் இருக்கும். செத்துப்போன மோட்டார் ஓடாது, அதனால் நமக்குத் தெரிந்துவிடும். செத்துப்போன ஹெல்மெட் தலையில் கச்சிதமாக உட்காரும்.

*

கிட் இந்தப் பக்கம் செத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் ஆட்டம் வேகமாகிக்கொண்டிருந்தது.

நான் விட்டபோது ஆட்டம் 35 நிமிடப் பாதிகள் இரண்டு. இப்போது சர்வதேச ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. இடையிடையே ஓய்வு கிடைப்பதால் ஃபார்வர்டுகள் கடைசி நிமிடம் வரை முதல் நிமிட வேகத்தில் வருகிறார்கள். ஃப்ரீ ஹிட்டைத் தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்ற விதி 2009இல் வந்து, பத்தே வருஷத்தில் ஆட்டத்தின் நடையையே மாற்றிவிட்டது. சமநிலை என்றால் நாங்கள் பெனால்டி ஸ்ட்ரோக் பார்த்தவர்கள். இப்போது ஷூட் அவுட்: 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு வருவார், எட்டு நொடி, கீப்பர் வெளியே ஓடிப்போய் மோத வேண்டும். 2024 பாரிஸ் காலிறுதியில் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா பிரிட்டனை வென்றது இப்படித்தான். நின்ற இடத்தில் நிற்கிற கீப்பருக்குச் செய்த பழைய கனத்த லெக் கார்டை மாட்டிக்கொண்டு இந்த ஓட்டம் ஓட முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் டிராக் ஃப்ளிக். பெனால்டி கார்னரில் முதல் ஷாட் அடியாக இருந்தால் கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது கீப்பரின் முழங்கால் உயரம். ஆனால் ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்த உயரத்திலும் போகலாம். 1990களில் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் அதை வைத்தே 348 சர்வதேச கோல் போட்டார். அன்றைக்கு உலகத்தில் சிலருக்கு மட்டும் கைவந்த வித்தையை இன்றைக்குப் பள்ளிப் பையன்கள் யூடியூப் பார்த்துப் பழகுகிறார்கள். தரையோடு வந்துகொண்டிருந்த ஆபத்து முகத்துக்கு ஏறிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் பந்தும் அதே எடைதான். நல்ல ஃப்ளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். டி-யின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர், கிரிக்கெட் பிட்சைவிடக் குறைவு. பந்து வந்து சேர அரை நொடி. இன்னொன்று, 70 கிலோமீட்டர் வேகம் 100 ஆனால் அடி ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டு மடங்கு ஆகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பிளஸ் டூ பிசிக்ஸ்தான். வேகப்பந்து வீச்சாளருக்கு எதிரில் ஹெல்மெட் இல்லாமல் மகனை நிறுத்தச் சொன்னால் எந்த அப்பாவும் சண்டைக்கு வருவார். அதே எடைப் பந்துக்கு எதிரில், அதைவிடக் கிட்டத்தில், பொடி உதிர்கிற ஹெல்மெட்டோடு நிற்கிற பையனைப் பார்த்து "தைரியமான பையன்" என்கிறோம்.

ஆகவே என்னைப் போலத் திரும்பி வருகிறவர்களுக்கு: முதலில் ஹெல்மெட். அடுத்து தொண்டை கார்டும் செஸ்ட் கார்டும். பிறகு அடிவயிற்று கார்டு. அதற்கப்புறம் கிக்கர், லெக் கார்டு, கை கார்டு. கடைக்காரர்களும் நம் ஆசையும் இதைத் தலைகீழாக நடத்துவார்கள். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் நியூசிலாந்து ஓபிஓ லெக் கார்டு முதலில், ஹெல்மெட் "அப்புறம் பாத்துக்கலாம்". வெளிநாட்டு செட் முழுதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு போக முடியாதவர் ஜலந்தரிலோ மீரட்டிலோ செய்த லெக் கார்டை வாங்கிக்கொண்டு, மிச்சம் பிடித்த காசை ஹெல்மெட்டில் போடட்டும். கால் வீங்கினால் ஐஸ் வைக்கலாம்.

*

இங்கே ஒரு வகை ரசிகர் குறுக்கிடுவார். அந்தக் காலத்தில் ஹெல்மெட்டா போட்டார்கள்? ஷங்கர் லக்ஷ்மண் போடவில்லையே?

போடவில்லைதான். 1956, 1960, 1964 என்று மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவின் கோலைக் காத்தார். இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. 1964 டோக்கியோ இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற கண்ணூர்க்காரர் மானுவல் ஃபிரெடெரிக்கும் முகமூடி இல்லாமல் ஆடியவர். இருவரையும் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் ஹெல்மெட்டை வேண்டாமென்று வீசியவர்கள் இல்லை. கொடுக்க யாரும் இல்லாததால் அது இல்லாமல் நின்றவர்கள். நாடு அவர்களுக்குக் கொடுக்காததை அவர்கள் துறந்ததாக மாற்றிப் பேசுவது நமக்கு வசதி. இந்திய அணிக்குக் கேப்டனான முதல் கீப்பர் லக்ஷ்மண். கடைசிக் காலத்தில் காலில் அழுகல் நோயோடு போராடி 2006இல் மோவ் நகரில் இறந்தார். அவருக்கு நாம் கொடுத்ததும் அதே கைதட்டல்தான்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. ஐஸ் ஹாக்கியில் 1959 நவம்பர் 1, நியூயார்க்கில், மான்ட்ரியல் அணியின் ஜாக் பிளான்ட் முகத்தில் பக் பட்டுக் கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டவர், முகமூடி இல்லாமல் திரும்ப இறங்க மாட்டேன் என்றார். பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லை. முகமூடி போடுகிற கீப்பர் பயந்தாங்கொள்ளி என்பது அன்றைய நம்பிக்கை. மாற்றுக் கீப்பர் இல்லாததால்தான் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக்குள் முகமூடி இல்லாத கீப்பரே அங்கே இல்லாமல் போனார். யாருடைய வீரமும் குறைந்துவிடவில்லை.

*

இப்போது அட்டாலிக்கு வருவோம். புது கிட் வந்துவிட்டது. பழையதை என்ன செய்வது?

பதில் தயாராக இருக்கும்: "கவர்ன்மென்ட் ஸ்கூல் பசங்களுக்குக் குடுத்துருங்க. பாவம், அவுங்களுக்கு ஆகும்." கொடுக்கும்போது ஒரு போட்டோ. போட்டோவில் பையன் சிரிப்பான். ஹெல்மெட் அவன் தலையைவிட இரண்டு சைஸ் பெரிதாக இருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் தலைக்கு ஆகாது என்று நீங்களே முடிவு செய்த ஹெல்மெட் அவன் தலைக்கு மட்டும் எப்படி ஆகும்? ஃபோமுக்கு உங்கள் சம்பளமும் அவன் அப்பாவின் கூலியும் தெரியுமா? பழைய சட்டையைக் கொடுங்கள், பழைய சைக்கிளைக் கொடுங்கள், பழைய புத்தகத்தைக் கொடுங்கள். கிழிந்த சட்டை மானத்தைத்தான் வாங்கும். செத்த ஹெல்மெட் கொடுப்பது தானக் கணக்கில் வராது. குப்பை போடுகிற இடத்தை மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவே. ஹெல்மெட்டே இல்லாவிட்டால் பையன் கொஞ்சம் ஒதுங்கியாவது நிற்பான். தலையில் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் முகத்தைக் கொண்டுபோய்ப் பந்துக்கு நேராக வைப்பான்.

யார் அந்தப் பையன் என்பதையும் யோசியுங்கள். பள்ளி அணிகளில் கீப்பர் எப்படித் தேர்வாகிறான்? பெரும்பாலும் கொஞ்சம் குண்டானவன், ஓட்டத்தில் பின்தங்குகிறவன், "நீ போய் கோல்ல நில்லு" என்றால் எதிர்த்துப் பேசாதவன். கிட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது யாரோ ஒரு வளர்ந்த ஆணின் அளவு. எட்டாம் வகுப்புப் பையனும் அதைத்தான் மாட்டுகிறான், பெண்கள் அணியின் கீப்பரும் அதைத்தான் மாட்டுகிறாள். நெஞ்சு கார்டு தொப்புள் வரை தொங்கும், ஹெல்மெட் குனிந்தால் கண்ணை மறைக்கும்.

சர்வதேச விதி இதில் தெளிவாக இருக்கிறது. ஓர் அணி கீப்பரோடு ஆடலாம். அப்படியானால் அவருக்கு ஹெல்மெட், லெக் கார்டு, கிக்கர் குறைந்தபட்சம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கீப்பரே இல்லாமல் பதினோரு பேரும் களத்தில் ஆடலாம். ஹெல்மெட்டும் வேறு நிறச் சட்டையும் மட்டும் போட்டுக்கொண்டு அரைகுறைக் கீப்பராக நிற்கிற சலுகை முன்பு இருந்தது. 2019இல் அதையும் எடுத்துவிட்டார்கள். விதிப்புத்தகத்தில் இல்லாத அந்த அரைக் கீப்பர் நம் மண் மைதானங்களில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான், காலில் ஒரு பேடு கிழிந்து தொங்க. அம்பயர் பார்த்துக்கொண்டே விசில் ஊதுகிறார்.

*

"முதலில் டர்ஃப் வரட்டும் தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்." இதுவும் அடிக்கடி கேட்கிற வாதம்.

1975இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை வந்தபோது ஏழாவது இடத்துக்குப் போனது. டர்ஃப் நம்மைத் தோற்கடித்தது என்று அன்றிலிருந்து புலம்பிவருகிறோம். அந்தப் புலம்பலுக்குப் பலனும் கிடைத்தது. தரை என்பது தனியாளின் பொறுப்பில்லை, அரசின் பொறுப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சென்னையில் 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. 2025 ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. நம் ஊரிலும் ஆர்.எஸ்.புரம் மாநகராட்சிப் பள்ளி மைதானத்துக்குச் செயற்கைத் தரைத் திட்டம் வந்தது. கோவையில் பிறந்த ஆடம் சின்கிளேர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை போன ஊருக்கு இது ரொம்பத் தாமதம். வரட்டும், சந்தோஷம்.

ஆனால் டர்ஃப் என்ன செய்யும்? பந்தின் வேகத்தைக் கூட்டும். மண்ணில் கல்லில் பட்டுத் தடுமாறி வந்த பந்து, நனைந்த தரையில் வழுக்கிக்கொண்டு வரும். நம் பையன்களின் டிராக் ஃப்ளிக் அங்கேதான் முழுசாக மலரும். கோடிக்கணக்கில் செலவழித்துப் பந்தை வேகமாக்கிவிட்டு, அதை வாங்கிக்கொள்கிற உடம்பை "அவுங்கப்பா பாத்துக்குவாரு" என்று விடுகிற திட்டம் அரைத் திட்டம்தான். டர்ஃப் டெண்டரில் கோல்போஸ்ட் ஒரு வரி என்றால், அடுத்த வரி கீப்பர் கிட்டாக இருக்க வேண்டும்.

சிக்கனக்காரர்களுக்கும் இதில் லாபம். என் அட்டாலிக் கிட்டையே பாருங்கள். அது அடிபட்டுச் சாகவில்லை. நான் ஆடியது சில வருஷம், அது சும்மா கிடந்தது பன்னிரண்டு வருஷம். அது ஒரு மைதானத்தின் சொத்தாக இருந்திருந்தால், நான் போன மறுநாள் இன்னொருத்தன் மாட்டியிருப்பான். அவனுக்கப்புறம் இன்னொருத்தி. உழைத்துத் தேய்ந்து, காலம் முடிந்து, கணக்கில் கழிந்திருக்கும். குடும்பம் வாங்குகிற கிட் நான்கைந்து வருஷம் ஆடிவிட்டு அட்டாலிக்குப் போகும். மைதானம் வாங்குகிற கிட் கடைசிக் குமிழ் உடைகிறவரை வேலை செய்யும். காசை உண்மையிலேயே எண்ணத் தெரிந்தவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

வழி ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஹாக்கி ஆடுகிற ஒவ்வொரு மைதானத்துக்கும் மூன்று அளவில் கீப்பர் கிட். ஒவ்வொன்றின் உள்பக்கமும் வாங்கிய தேதி மார்க்கரில். சீசனுக்கு ஒரு முறை திருகாணி, ஓடு, ஃபோம் பார்த்து ஒருவர் கையெழுத்து. விரிசல் விட்ட ஹெல்மெட் அன்றே வெளியே. தீயணைப்புக் கருவியின் தேதி பார்க்கத் தெரிந்த நிர்வாகங்களுக்கு இது தெரியாத வித்தையா என்ன?

அதுவரை சம்பளக்காரர்களான நாம் செய்யக் கூடியவை சில. ஆட்டத்தை நிறுத்தப்போகிறீர்களா? கிட் உயிரோடு இருக்கும்போதே, அந்த மாதமே மைதானத்துக்குக் கொடுங்கள், பன்னிரண்டு வருஷம் ஊறவைக்காதீர்கள். திரும்பி வருகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாகச் சேர்ந்து, சின்ன சைஸில் ஒரு புது ஹெல்மெட்டும் வாங்கிப் பள்ளி மைதானத்தில் வையுங்கள், போட்டோ இல்லாமல். பழைய ஹெல்மெட்டை முழுசாகக் குப்பையில் போடாதீர்கள், யாராவது எடுத்து ஒரு பையன் தலையில் வைத்துவிடுவார்கள். வாரை அறுத்து, ஓட்டை ரம்பத்தால் இரண்டாக வெட்டிவிட்டுப் போடுங்கள்.

அம்பயர்களுக்கு ஒன்று. விதி உங்கள் கையில் இருக்கிறது. கீப்பரின் ஹெல்மெட்டை வாங்கிப் பாருங்கள், கட்டை விரலால் ஃபோமை அழுத்திப் பாருங்கள். நிமிரவில்லை என்றால் விசிலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாலு ஆட்டம் நின்றால் ஐந்தாவது ஆட்டத்துக்கு எங்கிருந்தாவது கிட் வந்துவிடும். அதற்கு எந்த வீட்டுத் தொழுவமும் காலியாக வேண்டியதில்லை.